கந்தலில் தைத்த கதைகள்

பிஹார் பெண்களின் பழந்துணித் தையல் பச்சைக் குழந்தையின் படுக்கையிலிருந்து கடைவீதிக்கு வந்திருக்கிறது. வரும் வழியில் அது பேசவும் கற்றுக்கொண்டது.

கிழிந்த புடவையை லேசில் தூக்கியெறிந்துவிட மாட்டார்கள் வட பிஹார் கிராமப் பெண்கள். நைந்த பகுதியை வெட்டி ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பழைய வேட்டித் துண்டுகளோடு அடுக்கிவைத்துத் தைத்தால் பிறக்கப்போகும் குழந்தைக்கு மெத்தை தயார். அதன் பெயர் சுஜனி. 'சு' என்றால் இதம், 'ஜனி' என்றால் பிறப்பு என்று விளக்கம் சொல்கிறார்கள். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன துணி குழந்தையின் தோலை உறுத்தாது என்பது நடைமுறைக் காரணம். இன்னொன்று நம்பிக்கை சார்ந்தது. சித்திரியா மா என்பவள் கந்தல்களின் தெய்வம். சிதறிய துண்டுகள் எல்லாம் ஒரு முழுமையைச் சேர்ந்தவை, அதில் மீண்டும் போய்ச் சேர வேண்டியவை என்பது அவள் சொல்லும் பாடம்.

வேலைப்பாடு எளிமையானது. உருவத்தின் வெளிக்கோட்டை கறுப்பு அல்லது பழுப்பு நூலில் சங்கிலித் தையலாகப் போடுகிறார்கள். உள்ளே வண்ண நூலால் நிரப்புகிறார்கள். மிச்சப் பரப்பு முழுவதும் துணியின் நிறத்திலேயே சின்னச் சின்ன ஓட்டுத் தையல்கள். அடுக்குகளைப் பிணைப்பது இந்தத் தையல்தான். பார்வைக்குத் தெரியாத இந்த வேலைதான் அதிக நேரத்தை விழுங்குகிறது.

வழக்கொழிந்துகொண்டிருந்த இந்தக் கலைக்கு 1988இல் புத்துயிர் கிடைத்தது. முஸாபர்பூர் மாவட்டத்தின் பூசுரா கிராமத்தில் நிர்மலா தேவி மகளிர் அமைப்பொன்றைத் தொடங்கினார். பாட்னாவில் 'அதிதி' தொண்டு நிறுவனத்தை நடத்திவந்த விஜி ஸ்ரீனிவாசன் கைகொடுத்தார். வருமானம்தான் நோக்கம். ஆனால் ஊசி அதோடு நிற்கவில்லை. வரதட்சிணை, குடிகாரக் கணவனின் அடி, பெண் சிசுக்கொலை, தேர்தல், எய்ட்ஸ் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத விஷயங்கள் எல்லாம் துணிமேல் ஏறின. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது ஒரு மனு எழுதுவது போலத்தான்.

மதுபனி ஓவியத்துக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. 1966-67 வறட்சிக்குப் பிறகு, மண் சுவரில் வரைந்துவந்த பெண்களின் கையில் காகிதம் கொடுக்கப்பட்டது. வீட்டுச் சடங்கு விற்பனைப் பண்டமாயிற்று. சில பெண்களுக்குப் பெயரும் கிடைத்தது. சுஜனியில் பெயர் கிடைப்பது இன்னும் கடினம். துணியில் படத்தை வரைந்து கொடுப்பவர்கள் சிலர், தைப்பவர்கள் பலர். வாங்குகிறவர் பார்ப்பது படத்தை. படத்தைத் தாங்கும் ஆயிரக்கணக்கான தையல்களுக்குக் கையெழுத்து கிடையாது.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. சந்தைக்குப் போகும் சுஜனி பெரும்பாலும் புதுத் துணியில் தயாராகிறது. அடுத்தவர் உடுத்திய புடவையைக் காசு கொடுத்து வாங்க எத்தனை பேர் முன்வருவார்கள்? வரதட்சிணைக் கொடுமையைப் படுக்கையில் விரித்துத் தூங்குவதும் எல்லோருக்கும் ஆகாது. மெத்தை உறையிலும் புடவை முந்தானையிலும் மீனும் மயிலும் பூவும் இடம்பிடிக்கின்றன. கதை சொல்லும் சுஜனிகளின் இடம் சேகரிப்பாளரின் சுவரும் அருங்காட்சியகமும்தான்.

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்களும் பழந்துணியில்தான் 'கவந்தி' தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவது அவர்கள் பாணி. நான்கு மூலையிலும் மடித்துத் தைத்த 'பூ' இல்லாவிட்டால் கவந்தி நிர்வாணமாக இருப்பதாகக் கருதுகிறார்கள். இதற்கும் வெளிநாடுகளில் ரசிகர்கள் உண்டு. பிஹாரின் கேள்வி அங்கேயும் காத்திருக்கிறது: குடும்பத்துக்காகத் தைத்ததற்கு என்ன விலை போடுவது?

சுஜனிக்கு 2006இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025இல் நிர்மலா தேவிக்குப் பத்மஸ்ரீ. இரண்டும் நியாயமான பெருமைகள். ஆனால் குறியீடு காப்பது பெயரை மட்டுமே, கூலியை அல்ல. நாள் முழுக்கக் குனிந்து தைக்கும் பெண்ணுக்கு அந்த நாளுக்குரிய கூலி கிடைக்காவிட்டால், அவள் மகள் ஊசியை எடுக்க மாட்டாள். அப்போது மிஞ்சுவது பெயராக மட்டுமே இருக்கும்.