கன்னத்துப் பொட்டும் பீரோ கண்ணாடியும்

அமெரிக்காவில் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற உளவியல் ஆய்வாளர் 88 குழந்தைகளின் மூக்கோரம் சிவப்புச் சாயத்தைத் தொட்டு வைத்து, ஒவ்வொன்றையும் கண்ணாடி முன்னால் விட்டுப் பார்த்தார். குழந்தைகளின் வயது மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடம். 1972-இல் வெளியான இந்த ஆய்வு உளவியல் பாடப்புத்தகங்களில் இன்றும் இருக்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஏதாவது ஒரு பாட்டியிடம் இதைச் சொன்னால், "இதுக்கு எதுக்கு அமெரிக்கா போகணும்?" என்றுதான் கேட்பார். பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டிய கையோடு கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று என்று திருஷ்டிப் பொட்டு வைக்கிற ஊர் இது.

இப்போதெல்லாம் கடை டப்பாதான். முன்பு வீட்டிலேயே காய்ச்சினார்கள். ஜவ்வரிசியை இரும்புச் சட்டியில் கருகக் கருக வறுத்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கூழாகி வந்ததும் கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காயவைப்பார்கள். இந்தப் பக்கத்து வெயிலுக்கு அது சீக்கிரமே கல்லாகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்த்தால் கறுப்புச் சாந்து தயார். (கண்ணுக்குள் மை தீட்டுவது வேறு கதை. கடை மைகள் சிலவற்றில் ஈயம் இருப்பதால் குழந்தை மருத்துவர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள். கன்னத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.) ஊரார் கண் முதலில் பொட்டில் விழட்டும், முகத்தில் விழ வேண்டாம் என்பது வைக்கிறவர் கணக்கு. பொட்டு வைத்த முகத்தை அந்தப் பிள்ளையே பார்த்தால் என்ன நடக்கும் என்பது அந்தக் கணக்கில் வராது. ஆம்ஸ்டர்டாம் பார்க்க நினைத்தது அதைத்தான்.

சோதனையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூக்கைத் துடைத்துவிடுகிற சாக்கில், பிள்ளைக்குத் தெரியாமல் புள்ளியை வைத்துவிட வேண்டும். பிறகு கண்ணாடி. கண்ணாடியில் தெரிகிற மூக்கை அது தொட்டால், அங்கே வேறொரு பாப்பா நிற்பதாக நினைக்கிறது என்று பொருள். கை தன் மூக்குக்கே வந்தால், அங்கே தெரிவது தானே என்று அதற்குத் தெரிந்துவிட்டது. 20 மாதம் தாண்டிய குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கை சரியான இடத்துக்குப் போனது. ஒரு வயதுக் குழந்தைகளுக்குப் போகவில்லை.

இதற்கு இரண்டு வருடம் முன்னால் கார்டன் கேலப் என்பவர் சிம்பன்சிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, புருவத்திலும் காதிலும் சாயம் வைத்து இதே போன்ற சோதனையைச் செய்திருந்தார். விழித்ததும் சிம்பன்சிகள் கண்ணாடியைப் பார்த்தபடி தங்கள் புருவத்தைத் தடவின. சாதாரணக் குரங்குகளுக்கு அது வரவில்லை. 2006-இல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சியகத்தில் ஹேப்பி என்ற ஆசிய யானை, நெற்றியில் போட்ட வெள்ளைப் பெருக்கல் குறியைத் தும்பிக்கையால் திரும்பத் திரும்பத் தொட்டது. கூட இருந்த இரண்டு யானைகள் கண்டுகொள்ளவில்லை. நம் கோயில் யானைகளிடம் இதைச் செய்து பார்க்க நெற்றியில் காலி இடம் கிடைக்காது.

ஆய்வுக்கூடம் போகாமலே இந்த வளர்ச்சியைப் பார்க்க வசதியான இடம் வீட்டு பீரோதான். பீரோ கண்ணாடி இல்லாத வீடு அபூர்வம். அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் பழைய ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிராத வீடு அதைவிட அபூர்வம். ஆறேழு மாதப் பிள்ளை கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கும், தட்டும், எதிரே இருப்பவனைக் கூப்பிடும். நடை பழகியதும் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும், அந்தப் பிள்ளை எங்கே என்று. ஒன்றேகால் ஒன்றரை வயதில் விசித்திரமான ஒரு கட்டம் வரும்: அதுவரை குதூகலமாக விளையாடிய பிள்ளை கண்ணாடியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஓரக்கண்ணால் பார்க்கும், அம்மா சேலைக்குள் ஒளியும். அந்தச் சமயத்தில் ஸ்டிக்கர் பொட்டைக் கவனியுங்கள். எட்டுகிற உயரத்தில் இருக்கும் ஒன்றை நகத்தால் பிய்த்து எடுக்கும். முதலில் அதைக் கண்ணாடிப் பாப்பாவின் நெற்றியில் கொண்டுபோய் ஒட்டும். கண்ணாடியில் முகம் நகர்ந்துவிட, பொட்டு அங்கேயே நிற்கும், பிள்ளை குழம்பும். சில மாதம் கழித்து அதே பிள்ளை பொட்டைப் பிய்த்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்ணாடியில் சரிபார்க்கும். மூக்கில் சாயம் இல்லாமல் நடக்கிற ஆம்ஸ்டர்டாம் சோதனை இது.

கைக்குழந்தைக்குக் கண்ணாடி காட்டக்கூடாது என்று சில வீடுகளில் சொல்வார்கள். காட்டினால் கெடுதல் இல்லை, காட்டாவிட்டாலும் நஷ்டமில்லை. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்ணாடியே இல்லாமல் வளர்ந்த நாடோடி பெதூயின் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 1986-இல் வெளியானது. கண்ணாடியோடு வளர்ந்த நகரக் குழந்தைகளுக்கும் அவர்களுக்கும் இந்தச் சோதனையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் பிள்ளை இதைக் கண்ணாடியிடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை. உள்ளே ஏதோ ஒன்று தயாராகிறது, கண்ணாடி அதைக் காட்டிக்கொடுக்கிறது.

உள்ளே தயாராவது எது என்பதற்குத் தடயங்கள் வீடு முழுக்கக் கிடக்கின்றன. ஒரு நாள் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைக்கு வெட்கம் வரும். கண்ணாடிச் சோதனையில் தேறிய பிள்ளைகளிடம்தான் இந்த வெட்கம் அதிகம் தெரிகிறது என்று மைக்கேல் லூயிஸ் குழுவினர் 1989-இல் காட்டினார்கள். "பாப்பாக்கு வேணும்" என்றிருந்தது "எனக்கு வேணும்" ஆகும். அடுத்த வாரமே "என்னோடது" என்ற போர் முழக்கமும் சேர்ந்துகொள்ளும். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது பாய். பிள்ளை பாயின் மேல் நின்றுகொண்டே அதன் ஓரத்தைப் பிடித்து இழுக்கும், முக்கும், வரவில்லை என்று அழும். பாயை அழுத்திக்கொண்டிருப்பது தன் கால்தான் என்பது அதற்கு எட்டாது. இதையே ஆய்வாக்கினார்கள்: தள்ளுவண்டியின் பின்னால் ஒரு விரிப்பைக் கட்டி, அதன்மேல் பிள்ளையை நிறுத்தி, வண்டியைத் தள்ளச் சொன்னார்கள். விரிப்பைவிட்டு இறங்கினால்தான் வண்டி நகரும். 2007-இல் வந்த அந்த ஆய்வில், இறங்கத் தெரிந்த பிள்ளைகளே பெரும்பாலும் கண்ணாடியிலும் தங்களை அடையாளம் கண்டார்கள். தன் உடம்பையும் உலகத்திலுள்ள மற்ற பொருள்களைப் போல ஒரு பொருளாக, இடத்தை அடைப்பதாக, தடையாக, பிறர் பார்ப்பதாக வெளியிலிருந்து நினைக்க முடிவது எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கிறது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். கென்யாவில் ஒன்றரை வயது முதல் ஆறு வயது வரையிலான 80-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இந்தச் சோதனையை நடத்தினார்கள். 2011-இல் வெளியான அதன் முடிவில் தேறியவர்கள் இருவர் மட்டுமே. மற்றவர்கள் கண்ணாடி முன்னால் அசையாமல் நின்றார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன் முகம் தெரியாதா? தெரியாமல் என்ன! பெர்லின், டெல்லி, இந்தியக் கிராமங்கள், கேமரூன் கிராமங்கள் என நான்கு இடங்களை ஒப்பிட்ட ஆய்வு 2012-இல் வந்தது. அதில் நகரத்துப் பிள்ளைகள் முந்திக்கொண்டார்கள், கிராமத்துப் பிள்ளைகள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். பெரியவர் வைத்துவிட்டதைக் கேட்காமல் அழிக்கலாம் என்று எந்தப் பிள்ளை நினைக்கும் என்பதும் இந்தச் சோதனைக்குள் இருக்கிறது.

இதற்கு நேரடியான சாட்சி பிலிப் ரோஷா என்ற உளவியலாளரின் ஆய்வு, அதுவும் 2012-இல்தான். பிள்ளையின் நெற்றியில் ரகசியமாக ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒரு குழுவில் அந்தப் பிள்ளைக்கு மட்டும். இன்னொரு குழுவில் அறையிலிருந்த பெரியவர்கள் நெற்றியிலும் அதே ஸ்டிக்கர். எல்லார் நெற்றியிலும் இருந்தபோது பிள்ளைகள் தங்கள் ஸ்டிக்கரை எடுக்கக் கூடுதலாகத் தயங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருச்சுழியில் ஏதாவது ஒரு வீட்டை எட்டிப் பாருங்கள். விளக்கேற்றிய அம்மாவின் நெற்றியில் குங்குமம், தாத்தா நெற்றியில் பட்டை விபூதி, அக்காவுக்கு ஸ்டிக்கர், சுவரில் மாட்டிய முருகனுக்குச் சந்தனம். அந்த வீட்டில் நெற்றி காலியாக இருப்பதுதான் கண்ணை உறுத்தும். இங்கே இரண்டு வயதுப் பிள்ளை கண்ணாடியில் பொட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனால், தன்னை அடையாளம் தெரியாமல் போகிறது என்று யாரால் சொல்ல முடியும்? சரியாகத்தான் இருக்கிறோம் என்று பார்த்துவிட்டுக்கூடப் போகலாம். சாயப் புள்ளியை அழுக்கு என்று எடுத்துக்கொள்கிற ஊரில் பிறந்த சோதனை இது. பொட்டு வைத்தால்தான் முகம் முழுமையாகும் என்கிற ஊருக்கு அப்படியே பொருந்தாது.

திருச்சுழியைச் சொல்லிவிட்டு, பின்னாளில் ரமண மகரிஷி ஆன வேங்கடராமனைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருமேனிநாதர் கோயில் ஊரில், வழக்காடும் தொழில் செய்த சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த பிள்ளை. 1892-இல் தகப்பனார் இறந்ததும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனார். 1896-இல், 16 வயதில், திடீரென்று சாவுபயம் பிடித்துக்கொள்ள, செத்தவர்போல் நீட்டிப் படுத்து, உடம்பு போனால் மிஞ்சுவது எது என்று பார்த்தார். சில வாரங்களில் வீட்டைவிட்டுக் கிளம்பிச் செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். பிற்பாடு சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய பதில்களிலிருந்து வந்தது 'நான் யார்?' என்ற சிறு நூல்.

பிள்ளையின் கண்ணாடியையும் ரமணரின் கேள்வியையும் முடிச்சுப் போட்டு மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். எனக்கு அது ஒட்டவில்லை. கண்ணாடிச் சோதனை அளப்பது சின்ன விஷயம்: இந்த முகம் இந்த உடம்பைச் சேர்ந்தது என்ற அறிவு. ரமணர் அந்த உடம்பையே ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டவர். ஆனால் அவரும் திருச்சுழி வீட்டில் ஏதோ ஒரு நாள் முதல்முறையாக "எனக்கு" என்று சொல்லியிருப்பார், பாயின் மேல் நின்று பாயை இழுத்திருப்பார். அது அவருக்கு நினைவிருந்திருக்காது. யாருக்குமே இருப்பதில்லை. நினைவைத் தொங்கவிட 'நான்' என்ற ஆணி வேண்டும், அது அடிக்கப்படும் முன் நடந்தவை கீழே விழுந்துவிடுகின்றன என்று மார்க் ஹோவ், மேரி கரேஜ் ஆகியோர் 1990-களில் வாதிட்டார்கள். மூளையின் நினைவுப் பகுதி அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதுதான் காரணம் என்பவர்களும் உண்டு.

அந்த ஆணியும் ஒரே அடியில் இறங்கிவிடுவதில்லை. டேனியல் போவினெல்லி குழுவினர் 1996-இல், விளையாடும் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற சாக்கில் தலைமுடியில் ஸ்டிக்கர் ஒட்டி, அதை வீடியோ எடுத்து, சில நிமிடம் கழித்துப் போட்டுக் காட்டினார்கள். கண்ணாடியில் எப்போதோ தேறிவிட்ட மூன்று வயதுப் பிள்ளைகள் வீடியோவில் கோட்டைவிட்டார்கள். திரையில் தெரிவது யார் என்று கேட்டால் தன் பெயரைச் சொல்வார்கள். ஆனால் கை தலைக்குப் போகாது. நான்கு வயதில்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போனது. சற்று முன் இருந்த நானும் இப்போது இருக்கும் நானும் ஒரே ஆள் என்பது இன்னொரு பாடம். திருப்பூரிலோ துபாயிலோ இருக்கும் அப்பாவிடம் வீடியோ காலில் பேசும்போது மூலையில் தெரிகிற தன் முகத்தைப் பார்த்துச் சடையைச் சரிசெய்கிற மூன்று வயதுக்காரி, நேற்று எடுத்த வீடியோவைக் காட்டினால் "அந்தப் பாப்பா ஏன் அழுவுது?" என்று கேட்கக்கூடும். கேட்டால் சிரிக்காதீர்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நெற்றியிலும் கன்னத்திலும் வைக்க வேண்டாம். அந்த இடங்கள் நம் பிள்ளைகளுக்குப் பழகியவை. மூக்கோரம் வையுங்கள், தூங்கும்போது வைத்தால் இன்னும் நல்லது. குங்குமம் கண்ணில் விழும், கடை உதட்டுச் சாயம் போதும். கை மூக்குக்குப் போகவில்லை என்றால் ஒன்றரை வயதிலும் இரண்டு வயதிலும் அது சகஜம். இந்தச் சோதனை புத்திக்கு அளவுகோல் இல்லை. ஒரு வயதைத் தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்றால் அது வேறு விஷயம், கண்ணாடியை விட்டுவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போய்க் காதையும் வளர்ச்சியையும் பார்க்கச் சொல்ல வேண்டும். முடிந்ததும் புள்ளியைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் எரியாது. திருஷ்டிப் பொட்டை மட்டும் பாட்டியைக் கேட்காமல் துடைத்துவிடாதீர்கள்.