ஊர் சுற்றினால் சோகம் தீருமா? ஒரு சுவிஸ் பெண்ணின் பயண டைரி சொல்வது என்ன?

“மனசு சரியில்லையா? ஒரு ட்ரிப் போட்டுட்டு வா.” சோகமாக இருந்தால் நண்பர்கள் சொல்லும் முதல் அட்வைஸ் இதுதான். சுமார் 90 வருடங்களுக்கு முன்பே இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தவர், சுவிட்சர்லாந்தின் அன்னமாரி ஷ்வார்ஸென்பாக்.

யார் இவர்?

1908-ல் ஜூரிச்சில், பட்டுத் தொழில் செய்த பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். எழுத்தாளர், போட்டோகிராஃபர். வீட்டில் நாஜி ஆதரவு மனநிலை. நெருங்கிய நண்பர்களோ நாஜிகளுக்குப் பயந்து நாட்டை விட்டு வெளியேறியவர்கள். நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு மார்ஃபின் பழக்கமும் சேர்ந்துகொண்டது.

1933-ல் துருக்கி, சிரியா, இராக் வழியாகப் பாரசீகத்துக்கு, அதாவது இன்றைய ஈரானுக்குக் கிளம்பினார். அந்த டைரி அடுத்த ஆண்டே புத்தகமாக வந்தது.

பாரசீகத்தில் என்ன ஆனது?

1935-ல் டெஹ்ரானில் பிரெஞ்சு தூதரக அதிகாரி ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். ஆனாலும் தனிமை விடவில்லை, உடம்பும் படுத்தியது. டமாவந்த் மலைக்குக் கீழே, லார் பள்ளத்தாக்கில் கூடாரத்தில் தங்கினார். அந்த நாள்களைப் பற்றியதுதான் ‘பாரசீகத்தில் மரணம்’. சுற்றிப் பார்த்த இடங்களைவிட மனசுக்குள் இருந்த பயம்தான் அதில் அதிகம். அது அச்சேறியது 1995-ல்!

காரில் காபூல் போன கதை

1939 ஜூனில், பயண எழுத்தாளர் எலா மயாருடன் ஜெனீவாவில் இருந்து ஃபோர்டு காரில் ஆப்கானிஸ்தான் புறப்பட்டார். ‘எப்படியாவது மார்ஃபினில் இருந்து தோழியை மீட்டுடலாம்’ என்பது மயாரின் கணக்கு. நடக்கவில்லை. வழியிலேயே மீண்டும் மார்ஃபின். அதற்குள் உலகப் போர் வெடிக்க, இருவரும் பிரிந்தனர்.

ஷ்வார்ஸென்பாக் கப்பலில் ஐரோப்பா திரும்பினார். இந்தியா வந்த மயார், போர்க்காலத்தின் பெரும்பகுதியைத் திருவண்ணாமலையில், ரமண மகரிஷியின் அருகில் கழித்தார். பின்னர் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதியபோது, தோழிக்கு ‘கிறிஸ்டினா’ என்று பெயர் மாற்றினார்.

மிச்சம் இருப்பது என்ன?

1942-ல் சைக்கிளில் இருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஷ்வார்ஸென்பாக், 34 வயதில் இறந்தார். அவரது கடிதங்களையும் டைரிகளையும் அம்மாவே அழித்துவிட்டார். தப்பிய கையெழுத்துப் பிரதிகளும் ஆயிரக்கணக்கான போட்டோக்களும் இன்று பெர்ன் நகரில், சுவிஸ் இலக்கிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

ஒரு ட்ரிப் மனசை லேசாக்கலாம். ஆனால், மனச்சோர்வுக்கும் போதைப் பழக்கத்துக்கும் அது சிகிச்சை ஆகாது. அதற்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். ஷ்வார்ஸென்பாக்குக்குப் பயணம் தந்தது குணம் அல்ல, எழுத்து. வீட்டார் அழித்தது போக, அவரைப் பற்றி நமக்குச் சொல்வதும் அதுதான்.