இலைமூக்கு ஓணானுக்கு ஜெனீவாவில் என்ன வேலை?

மழை ஓய்ந்த காலைகளில் அம்பிட்டியவில் எங்கள் வீட்டு மேல்மாடியில் நின்றால் தூரத்தே தும்பறை மலைத்தொடர் தெரியும். மடக்கிய கைவிரல்களின் மூட்டுகளைப் போல இருப்பதால் ஆங்கிலேயர் அதற்கு 'நக்கிள்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் உம்மும்மா அதை ஏலக்காய் மலை என்பார். பெருநாள் வட்டிலப்பத்துக்குப் போடும் ஏலக்காய் ஒரு காலத்தில் அங்கிருந்துதான் வந்ததாம்.

அந்த மலையில் ஓர் ஓணான் இருக்கிறது. மூக்கு நுனியில் சின்னஞ்சிறு இலையை ஒட்டி வைத்தது போன்ற தோற்றம். மெதுவாக ஊர்ந்து செல்லும் சாதுவான பிராணி. செரட்டோஃபோரா டெனென்டி என்பது அதன் விஞ்ஞானப் பெயர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனென்டின் நினைவாக 1861 இல் சூட்டப்பட்டது. உலகில் வேறெங்கும், ஏன், இலங்கையின் வேறெந்த மலையிலும் இது இயற்கையில் வாழ்வதில்லை. அதே மலைக்கு மட்டுமே உரிய இன்னொரு சிறிய ஓணான் கொஃபோட்டிஸ் தும்பறா. அதை ஒரு தனி இனமென்று விஞ்ஞானிகள் விவரித்ததே 2006 இல்தான்.

கடந்த வருடம் குடும்பத்தோடு ரிவர்ஸ்டன் போயிருந்தோம். பாசி படர்ந்த ஒரு மரத்தில் இலைமூக்கு ஓணானை முதன்முறையாகக் கண்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் நின்ற ஓர் இளைஞர் அதைப் பிடித்து வெற்றுத் தண்ணீர்ப் போத்தலுக்குள் போட்டார். உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் நான். அது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் வரவில்லை. ஹிஜாப் அணிந்த ஒரு பிள்ளை அந்நியர் கூட்டத்தில் சட்டம் பேசினால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். கடைசியில் வாப்பாதான் அருகில் போய், சிங்களத்தில், "தம்பி, கீழே கொண்டுபோனால் அது செத்துவிடும்" என்று மெதுவாகச் சொன்னார். இளைஞர் சிரித்துக்கொண்டே அதை மரத்தில் விட்டுவிட்டார். திரும்பி வரும்போது வாப்பா கேட்டார்: "நீதானே இதையெல்லாம் படிக்கிற? ஏன் மகள் பேசாம நின்ற?"

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான், இந்தச் சிறிய பிராணிக்காக உலகம் என்னென்ன செய்கிறது என்று அறிந்துகொண்டேன்.

இலங்கையில் வனசீவராசிகளைப் பாதுகாக்க 1937 இலிருந்தே கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு நாட்டின் சட்டம் அதன் கடலோரத்தோடு நின்றுவிடும். அபூர்வமான ஓணான்களை வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்க ஆசைப்படுவோர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் அதைப் பயணப் பொதிக்குள் ஒளித்து நாட்டைத் தாண்டிவிட்டால், அங்கே விற்பதைத் தடுக்க அந்த நாட்டிலும் ஒரு சட்டம் வேண்டும். அதற்காகத்தான் சைட்டிஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. எங்கள் பாடக் குறிப்பில் ஒரு வரியில் முடிந்துவிடும் அந்தப் பெயருக்குப் பின்னால் 180 இற்கும் மேற்பட்ட நாடுகள் நிற்கின்றன. 1973 இல் கைச்சாத்தாகி, 1975 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979 இல் இணைந்தது. அதன் முதலாம் பின்னிணைப்பில் ஓர் இனம் சேர்ந்துவிட்டால், காட்டில் பிடித்ததை நாடுவிட்டு நாடு வியாபாரம் செய்ய முடியாது.

அந்த உடன்படிக்கையின் பதினெட்டாவது மாநாடு 2019 மே 23 இல் கொழும்பில் தொடங்க இருந்தது. நம் ஓணான்களைப் பின்னிணைப்பில் சேர்க்கும் கோரிக்கையை இலங்கை முன்வைத்திருந்தது. ஆனால் ஏப்ரல் 21 இல் நாட்டையே உலுக்கிய குண்டுவெடிப்புகள் நிகழ்ந்தன. அப்போது எனக்குப் பதினொரு வயது. கடைக்குப் போகவும் உம்மா பயந்த நாட்கள் அவை. மாநாடு ஒத்திவைக்கப்பட்டு, ஆகஸ்ட் 17 முதல் 28 வரை ஜெனீவாவில் நடந்தது. இலைமூக்கு ஓணானும் கொஃபோட்டிஸ் தும்பறாவும் அங்கே முதலாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டன. நம் மலைக்குரிய தீர்மானம், நம் மண்ணில் எடுக்கப்பட முடியாமல் கடல் கடந்து எடுக்கப்பட்டது. நாட்டில் அமைதி இல்லாவிட்டால் ஓணானின் வழக்குக்கூடத் தள்ளிப்போகும் என்பதை அன்று நான் அறியவில்லை.

தடை மட்டும் போதாது. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எங்கே வாழ்கின்றன என்று மலையேறித் தேட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அபுதாபியில் 2008 இல் 2 கோடி 50 இலட்சம் யூரோவுடன் தொடங்கப்பட்ட முகம்மது பின் சாயித் இனப் பாதுகாப்பு நிதியம் இதற்கு நல்ல உதாரணம். யானை, புலி போன்ற பிரபலமான விலங்குகளோடு, யாரும் கவனிக்காத தவளைக்கும் மீனுக்கும் செடிக்கும் அது உதவுகிறது. ஒரு திட்டத்துக்கு உச்ச வரம்பு 25,000 டொலர். நம் பணத்தில் ஏறத்தாழ 75 இலட்சம் ரூபாய். பெரிய அணைக்கட்டுக்கு அது சில்லறைக் காசு. கூடாரத்தோடும் குறிப்பேட்டோடும் காட்டுக்குப் போகும் ஓர் ஆய்வாளருக்கோ அது பெருந்தொகை. ஆனால் யாராவது விண்ணப்பிக்க வேண்டும். கேட்காதவரைத் தேடி அந்தப் பணம் வராது.

கூட்டாகச் சேர்த்துப் பேசப்பட்டாலும் பணம் எல்லா இடத்துக்கும் சமமாகப் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைகளையும் இலங்கையையும் சேர்த்து ஒரே 'உயிர்ப்பன்மைச் செறிவிடம்' என்று உலகம் கணிக்கிறது. ஆனால் முக்கிய சூழற்றொகுதிகளுக்கான பங்காண்மை நிதியம் 2008 முதல் 2015 வரை அங்கே செலவிட்ட பணம் மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கே போனது. பெயர்ப் பலகையில் நாமும் இருந்தோம்; பந்தியில் இருக்கவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஏலம் நடுவதற்காக நக்கிள்ஸ் காட்டின் கீழ்ச் செடிகள் வெட்டப்பட்டன. காடு மெலிந்தது. 2000 இல் அது பாதுகாப்பு வனமானது. 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையில் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகச் சேர்ந்தது. காட்டுக்குள் ஏலச் செய்கை தடுக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த அடிவாரக் கிராமத்தவர் வருமானத்தை இழந்தார்கள். உலகம் பெருமைப்படும் காட்டுக்காக அவர்களும் ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் உதவியில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருப்பதுதான் நீதி. தேனீ வளர்ப்போ, வழிகாட்டி வேலையோ, அந்தக் காட்டால் அவர்கள் வாழ வழி இருந்தால் அவர்களே அதன் காவலர்.

ஜெனீவாவில் தீர்மானம் எடுக்கலாம். அபுதாபியிலிருந்து பணம் வரலாம். ஆனால் ரிவர்ஸ்டனில் ஓணான் போத்தலுக்குள் போன அந்த நிமிடத்தில் அங்கே இருந்தது நாங்கள்தான். வாப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு எந்த நிதியமும் காசோலை எழுத முடியாது.

பெற்றோரே, மலைக்குப் பயணம் போகும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக் கொடுங்கள். தோழியரே, பரீட்சைக்குப் பாடமாக்கும் அந்த ஒரு வரியை மறக்காதீர்கள். நம் மலையில் மட்டுமே வாழும் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அடுத்த முறை நான் பேசுவேன், இன்ஷா அல்லாஹ்.