தலைக்கு மருதாணி

வீட்டில் கல்யாணம். இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. பெரியம்மா கண்ணாடி முன்னால் நிற்கிறார். காதோரம் இரண்டு பக்கமும் வெள்ளை. வகிட்டிலும் வெள்ளை.

"போட்டோ எல்லாம் எடுப்பாங்க. தலைக்கு மருதாணி போட்டுக்கணும்டி" என்கிறார் தங்கை மகளிடம்.

இருவரும் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் இரண்டு பாக்கெட்டுகளை எடுத்து வைக்கிறார். இரண்டிலும் பச்சை இலைப் படம் இருக்கிறது. ஒன்றில் 'மருதாணித் தூள்' என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றில் 'கறுப்பு மருதாணி' என்று எழுதியிருக்கிறது.

"ரெண்டும் இலைதாம்மா. இது சிவக்கும். இது கறுக்கும். கறுப்புன்னா அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும்" என்கிறார் கடைக்காரர்.

பெரியம்மாவின் கை கறுப்புப் பாக்கெட் பக்கம் போகிறது. அரை மணி நேரத்தில் பத்து வயது குறையும் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது?

பெரியம்மா எழுத்துக் கற்றுக்கொண்டது போன வருஷம்தான். அதனால் கையில் எது கிடைத்தாலும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்ப்பார். பாக்கெட்டைத் திருப்புகிறார். பின்பக்கம் எறும்பு போல் பொடி எழுத்து. 'எச்சரிக்கை' என்று தொடங்குகிறது.

"ஏன் தம்பி, இலைக்கு எதுக்கு எச்சரிக்கை?"

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. ஆனால் பெரியம்மா கேட்டது சரியான கேள்வி.

மருதாணி வரும் வழி

மருதாணிச் செடி நம் வீட்டுக் கொல்லையிலும் வளரும். வேலியிலும் வளரும். ஆனால் கடைகளில் விற்கும் தூளில் பெரும்பகுதி ராஜஸ்தான் மாநிலத்திலிருந்து வருகிறது. அங்கே பாலி மாவட்டத்தில் சோஜத் என்ற ஊர் இருக்கிறது. ஊரைச் சுற்றிலும் மருதாணி வயல்கள்தான். மழை குறைவான பூமி அது. நெல்லும் கரும்பும் அங்கே எடுபடாது. மருதாணியின் வேர் ஆழமாக இறங்கும். கிடைக்கிற மழையை வைத்தே செடி பிழைத்துக்கொள்ளும். ஒரு தடவை நட்டால் இருபது வருஷத்துக்கு மேல் பலன் தரும்.

மழைக்காலம் முடிந்து செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடை நடக்கும். ஆணும் பெண்ணும் அரிவாளால் கிளைகளை அறுத்துப் போடுவார்கள். வெயிலில் காயவைப்பார்கள். பிறகு கழியால் அடிப்பார்கள். இலை உதிர்ந்துவிடும். குச்சி தனியாக நின்றுவிடும். அறுத்துப் போட்ட நேரத்தில் மழை பெய்துவிட்டால் இலை கறுத்துவிடும். நிறம் போய்விடும். விலையும் போய்விடும். அந்தச் சில நாட்களில் உழவர்களின் கண் வானத்திலேயே இருக்கும்.

காய்ந்த இலை சோஜத் சந்தைக்கு வருகிறது. அங்குள்ள ஆலைகளில் அரைத்துச் சலிக்கிறார்கள். பல வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். 2021ஆம் ஆண்டு சோஜத் மருதாணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்ததே, அதே மாதிரி.

சிவப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

இலை பச்சை. சாயம் மட்டும் சிவப்பு. இது எப்படி?

மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப் பொருள் இருக்கிறது. நூறு கிராம் காய்ந்த தூளில் அது ஒன்றிரண்டு கிராம்தான் இருக்கும். தூளைத் தண்ணீரில் குழைத்துக் கொஞ்சம் புளிப்பும் சேர்த்து வைத்தால் லாசோன் மெதுவாக வெளியே வரும். அது புரதத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். நம் முடி புரதம். நகம் புரதம். மேல்தோலும் புரதம். அதனால்தான் இந்த மூன்றும் சிவக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருதாணி முடியில் உள்ள நிறத்தை எடுக்காது. இருக்கிற நிறத்தின் மேல் தன் நிறத்தை ஏற்றும். வெள்ளை முடி நல்ல சிவப்பாகும். கறுப்பு முடி கறுப்பாகவேதான் இருக்கும். வெயிலில் நின்றால் மட்டும் லேசாகச் செம்மை தெரியும். இரண்டும் கலந்த தலையில் வெள்ளை இருந்த இடமெல்லாம் செம்பு இழை ஓடியது போல் இருக்கும்.

ஆக, மருதாணி இலைக்கு ஒரே நிறம்தான் தெரியும். கறுப்பு அதற்குத் தெரியாது.

அப்படியானால் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

இலையிலேயே கறுப்பாக்க ஒரு வழி உண்டு. முதலில் மருதாணி போட்டு அலச வேண்டும். அதன் பிறகு அவுரி இலைத் தூளைப் போட வேண்டும். அவுரியில் இருப்பது நீலச் சாயம். சிவப்பின் மேல் நீலம் ஏறினால் கறுப்பு. அவுரி நம் திண்டிவனம் பக்கத்திலும் பயிராகிறது. ஆனால் இது இரண்டு வேலை. பல மணி நேரம் ஆகும்.

அரை மணி நேரத்தில் கறுக்கும் பாக்கெட்டில் பெரும்பாலும் இருப்பது வேறு. அதன் பெயர் பாராபினைலீன் டயமின். சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். அது இலையில் கிடைப்பதில்லை. ஆலையில் செய்யும் ரசாயனம். கொஞ்சம் மருதாணித் தூளோடு அதைக் கலந்து, மேலே இலைப் படம் போட்டு விற்கிறார்கள். இது வாங்குகிறவரை ஏமாற்றும் வேலைதான்.

பி.பி.டி. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. சிலருக்குத் தலை அரிக்கும். நெற்றியும் கண்ணும் வீங்கும். கண்ணைத் திறக்க முடியாத அளவு வீக்கம் வருவதும் உண்டு. கொப்புளம் வந்து நீர் வடியும். "நான் பத்து வருஷமாப் போடுறேன், ஒண்ணும் ஆகலையே" என்று சிலர் சொல்வார்கள். பத்து வருஷம் சும்மா இருந்துவிட்டுப் பதினோராவது வருஷம் ஒவ்வாமை வரலாம். ஒரு தடவை வந்தால் அநேகமாக ஆயுளுக்கும் விடாது.

இதைத் தவறி விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். சிறுநீரகம் பழுதாகும். இதற்கென்று தனியான மாற்று மருந்து கிடையாது. குழந்தை வாயில் வைத்தது தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இதனால்தான் பி.பி.டி. கலந்த தலைச்சாயத்தில் எச்சரிக்கை எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 1945ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் விதிகளிலேயே இது இருந்தது. 2020ஆம் ஆண்டின் புதிய விதிகளிலும் இருக்கிறது. ஆங்கிலத்திலும் அந்தந்த வட்டார மொழியிலும் எழுத வேண்டும். சிலருக்குத் தோலில் எரிச்சல் வரலாம், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமை முடிக்கும் போடக் கூடாது, போட்டால் பார்வை போகலாம். இதுதான் அந்தப் பொடி எழுத்தில் இருக்கும் சேதி. முன்பக்கத்தில் இலைப் படம், பின்பக்கத்தில் கண் போகும் என்ற சேதி!

பெரியம்மா கறுப்புப் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மற்றதையும் அப்படியே நம்பவில்லை. அதன் பின்பக்கத்தையும் படித்தார். மருதாணி இலைத் தூள் என்று மட்டும்தான் எழுதியிருந்தது. நூறு கிராம் பாக்கெட் இரண்டு வாங்கிக்கொண்டார்.

பெரியம்மா செய்து பார்த்தது

வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைச் சாசரில் ஒரு சிட்டிகைத் தூள் போட்டு நீர் விட்டார். நல்ல தூளானால் வைக்கோலும் இலையும் கலந்த வாசனை வரும். தண்ணீர் மெல்ல மெல்லப் பழுப்பாகும். ஊற்றியதும் பளிச்சென்று பச்சை நீர் ஓடினால் பச்சைச் சாயம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அடியில் நறநறவென்று தங்கினால் மணல். பழைய தூளுக்குப் பச்சை நிறம் போய்விடும். அதைப் புதிது போல் காட்டத்தான் சாயம் கலக்கிறார்கள். பெரியம்மா வாங்கியது நல்ல தூள்தான். கொஞ்சம் குழைத்து முழங்கையின் உட்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்தார். அரிப்பு இல்லை. இலையும்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் இந்தச் சோதனையை விடக் கூடாது.

மறுநாள் சாயங்காலம் இருநூறு கிராம் தூளை எடுத்தார். இடுப்பு வரை முடி என்றால் இவ்வளவு வேண்டும். தோள் வரை என்றால் நூறு கிராம் போதும். வெதுவெதுப்பான நீர் விட்டு இட்லி மாவுப் பதத்தில் குழைத்தார். இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தார்.

"இரும்புச் சட்டியில குழைச்சாத்தானே நிறம் பிடிக்கும், பெரியம்மா?"

"இரும்புல வச்சா பழுப்படிக்கும். எனக்குச் சிவப்புதான் வேணும். அந்த எவர்சில்வர் பாத்திரத்தைக் கொடு."

முட்டையும் தயிரும் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். முட்டையும் தயிரும் புரதம். சாயம் முடிக்குப் போவதற்கு முன் முட்டைக்குப் போய்விடும். தலையில் ஏற வேண்டியதைப் பாத்திரத்திலேயே செலவழிப்பானேன்? முட்டையைக் குழந்தைக்குக் கொடுக்கலாம். தேயிலைத் தண்ணீர் சேர்த்தால் கெடுதல் இல்லை. பெரிய பலனும் இல்லை.

இரவு முழுவதும் மூடி வைத்தார். காலையில் மேலே பழுப்பாகவும் உள்ளே பச்சையாகவும் இருந்தது. உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தார். பத்து நிமிடத்தில் ஆரஞ்சு நிறம். தயார்.

முதல் நாளே சீயக்காய் போட்டு முடியில் எண்ணெய் இல்லாமல் ஆக்கியிருந்தார். எண்ணெய் இருந்தால் சாயம் பிடிக்காது. நெற்றியிலும் காதிலும் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். இல்லாவிட்டால் நெற்றியும் சிவந்துவிடும். தங்கை மகள் கையுறை போட்டுக்கொண்டு பின்னந்தலையிலிருந்து வகிடு வகிடாகப் பிரித்துப் பூசினாள். பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பூச்சு காய்ந்துவிட்டால் சாயம் முடிக்குள் இறங்காது. ஈரமாகவே இருக்க வேண்டும். மூன்று மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசினார்கள். இரண்டு நாளைக்குச் சீயக்காயும் இல்லை, ஷாம்பும் இல்லை.

அலசியதும் பார்த்தால் ஒரே ஆரஞ்சு! பெரியம்மா பதறிவிட்டார்.

"ஐயோ, கேரட்டு மாதிரி இருக்கேடி!"

பயப்பட வேண்டியதில்லை. காற்றுப் பட இரண்டு மூன்று நாளில் நிறம் ஆழ்ந்துவிடும். அதனால்தான் கல்யாணத்துக்கு முந்தின இரவு போடக் கூடாது. மூன்று நாள் முன்னால் போட வேண்டும்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். அடியில் மறுபடி வெள்ளை தெரியும். அடுத்த தடவை அடி முடிக்கு மட்டும் பூசினால் போதும். தூளும் மிச்சம்.

மாலையில் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். இடுப்பில் நாலு மாதக் குழந்தை.

"மிச்சம் இருந்தா கொடுங்கக்கா. பாப்பா உள்ளங்கால்ல வைக்கிறேன். அழகா இருக்கும்."

பெரியம்மா தலையை ஆட்டினார். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை இருக்கும். பார்த்தால் தெரியாது. அந்தக் குழந்தைகளின் தோலில் மருதாணி பட்டால் ரத்த அணுக்கள் உடையும். மஞ்சள் காமாலை வரும். உயிருக்கும் ஆபத்து ஆகலாம். சுத்தமான இலையானாலும் கைக்குழந்தைக்கு வைக்கக் கூடாது.

"பாப்பாவுக்கு வேண்டாம்மா. நீ வச்சுக்கோ" என்று கிண்ணத்தை அவளிடம் கொடுத்தார்.

கல்யாணத்தன்று பெரியம்மாவின் தலை செம்புக் குடம் போல் மின்னியது. போட்டோக்காரர் வெளிச்சத்தைப் போட்டபோது இன்னும் மின்னியது. "என்ன சாயம் அக்கா?" என்று நாலு பேர் கேட்டார்கள். பெரியம்மா மடித்து வைத்திருந்த காலிப் பாக்கெட்டை இடுப்பிலிருந்து எடுத்தார். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.