அரை மணி நேரத்துக்குப் பாடத்திட்டம் எது?

டெல்லி ஷாஜகான் சாலையில் தோல்பூர் ஹவுஸ் என்றொரு கட்டடம். ஒரு காலத்தில் தோல்பூர் மன்னரின் மாளிகை, இப்போது யு.பி.எஸ்.சி. என்று எல்லோரும் சொல்லும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம். ஜனவரி பிறந்து மூன்று நான்கு மாதங்களுக்கு அதன் வாசலில் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் கூடும். டெல்லிக் குளிருக்குப் புதிதாகத் தைத்த கோட்டு, கசங்காத காட்டன் சேலை, மார்போடு அணைத்த சான்றிதழ் ஃபைல். துணைக்கு வந்த அப்பாக்களும் அண்ணன்களும் வெளியே டீ குடித்தபடி நிற்பார்கள். உள்ளே ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஏறக்குறைய அரை மணி நேரம்.

அந்த அரை மணிக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. 2023ஆம் ஆண்டு சிவில் சர்வீஸ் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 10,16,850 பேர். பிரிலிம்ஸ் எழுதியவர்கள் 5,92,141 பேர். மெயின்ஸுக்குத் தேறியவர்கள் 14,624 பேர். டெல்லிக்கு அழைக்கப்பட்டவர்கள் 2,855 பேர். கடைசியில் தேர்வானவர்கள் 1,016 பேர். அந்த வாசலில் நிற்கும் மூவரில் இருவர் திரும்பி வர வேண்டியவர்கள். வந்தவர்கள் மறுபடியும் பிரிலிம்ஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். மெயின்ஸில் வாங்கிய மதிப்பெண் அடுத்த ஆண்டுக்கு உதவாது.

ஆகவே அழைப்பு வந்ததும் பலரும் பதறிப்போய்ப் படிக்கத் தொடங்குகிறார்கள். மூன்று செய்தித்தாள், மாத இதழ், பட்ஜெட், வெளியுறவு என்று மெயின்ஸுக்குப் படித்ததையே இன்னொரு முறை உருட்டுகிறார்கள். தேர்வாணையத்தின் அறிவிக்கையைப் பொறுமையாக வாசித்திருந்தால் இந்தப் பாடு பாதி குறைந்திருக்கும். இந்த நேர்காணலின் பெயர் ஆளுமைத் தேர்வு. பொது அறிவையோ பாட அறிவையோ சோதிப்பது இதன் நோக்கமில்லை, அதை எழுத்துத் தேர்வே பார்த்துவிட்டது என்று அறிவிக்கை தெளிவாகவே சொல்கிறது. குறுக்கு விசாரணை கிடையாது. இயல்பான, ஆனால் ஒரு குறிக்கோளோடு நடக்கும் உரையாடல். விழிப்பு, தெளிவாக எடுத்துச் சொல்லும் திறன், நிதானமான தீர்ப்பு, நேர்மை ஆகியவற்றைத்தான் குழு பார்க்கிறது.

அப்படியானால் எதைப் படிப்பது? விடை விண்ணப்பதாரர் கையாலேயே எழுதப்பட்டு, குழுவின் மேசை மேல் இருக்கிறது. டி.ஏ.எஃப். எனப்படும் விரிவான விண்ணப்பப் படிவம் அது. பயிற்சி மையங்களில் செல்லமாக ‘டாஃப்’. சொந்த ஊர், படித்த பள்ளி, கல்லூரி, பார்த்த வேலை, பெற்றோர் விவரம், வாங்கிய பரிசு, பொழுதுபோக்கு எல்லாம் அதில் உண்டு. தேர்வாணைய உறுப்பினர் ஒருவர் தலைமையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் குழுவிடம் போகப்போகிறோம் என்பது அன்று அங்கே போன பிறகுதான் தெரியும். மெயின்ஸ் மதிப்பெண் குழுவுக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அவர்கள் கையில் இருப்பது அந்தப் படிவம்தான்.

திருப்பூர்க்காரப் பெண் ஒருவர், டெக்ஸ்டைல் இன்ஜினியரிங் படித்தவர், போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி சிரித்த முகத்தோடு வரும்: “திருப்பூரா? பனியன் ஊர் அல்லவா?” அடுத்து நொய்யல் ஆற்றுக்கு வருவார்கள். 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் ஏன் சாயக்கழிவு தேங்கியது? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அது சரியா? இதுவரைக்கும் செய்தித்தாள் அறிவு போதும். மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. “நீங்கள்தான் அப்போது கலெக்டர். பட்டறையை மூடினால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போகும். மூடாவிட்டால் கீழே இருக்கிற விவசாயியின் கிணறு போகும். திங்கட்கிழமை மனு நாளில் இரண்டு தரப்பும் வந்து நிற்கிறது. என்ன செய்வீர்கள்?”

இதற்குக் கைடு புத்தகத்தில் பதில் இல்லை. ‘நிலையான வளர்ச்சி’ என்று தொடங்கும் மனப்பாடப் பத்தி வந்தால் எதிரே இருப்பவர் பேனாவை மூடி வைத்துவிடுவார். நீதிமன்ற உத்தரவை ஒரு கலெக்டர் தள்ளிப்போட முடியாது என்ற வரம்பிலிருந்து தொடங்கி, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலைக்கு வர எவ்வளவு செலவு, யார் கொடுப்பது, அதுவரை தொழிலாளிக்கு என்ன வழி என்று படிப்படியாக யோசித்துப் பேசுகிற பெண்ணுக்குத்தான் மதிப்பெண். சாயப்பட்டறை வாசலையும் கீழ்மடை விவசாயியின் கிணற்றையும் ஒருமுறை நேரில் பார்த்து வந்திருந்தால் அந்தப் பேச்சு தானாக வரும். இரண்டு நாள் வேலை அது. ஆனால் பயிற்சி மையங்கள் நிறைந்த டெல்லி ராஜேந்திர நகர் அறைக்குள் உட்கார்ந்து பத்திரிகை புரட்டுகிறவர்களுக்கு ஊருக்குப் போய் வரத் தோன்றுவதில்லை.

பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் விழுந்தவர்கள் நிறைய. ஏதாவது எழுத வேண்டுமே என்று ‘செஸ்’ என எழுதிவிடுவார்கள். குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனது எல்லோருக்கும் தெரியும். “நீங்கள் வெள்ளைக் காய் ஆடினால் முதலில் எதை நகர்த்துவீர்கள், ஏன்?” என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். அதற்குப் பதில், ‘மொட்டை மாடியில் கீரை வளர்ப்பது’ என்று எழுதியவர் பூச்சி அரித்த கதையைச் சொன்னாலே ஐந்து நிமிடம் இதமாக ஓடும். படிவத்தை அனுப்பிய பிறகு நினைத்தபடி மாற்ற முடியாது. ஆக, நேர்காணலுக்கான தயாரிப்பு தொடங்குவது படிவத்தை நிரப்பும் இரவில்.

தெரியாத கேள்வி வந்தே தீரும். “தெரியவில்லை சார், படித்துத் தெரிந்துகொள்கிறேன்” என்று நேராகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தயாராவது உத்தமம். சுற்றி வளைத்தால் குழு விடாது. அங்கே இருப்பவர்களில் பலர் முப்பது ஆண்டுக் காலம் கோப்பு பார்த்தவர்கள், பொய்க்கணக்கு வாசனை அவர்களுக்கு அத்துப்படி.

மாதிரி நேர்காணல் இன்று ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. சென்னையில் தமிழக அரசின் அகில இந்திய குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறது, மனிதநேயம் போன்ற இலவச மையங்கள் நடத்துகின்றன, டெல்லியில் தெருவுக்குத் தெரு நடக்கிறது. இரண்டு மூன்று முறை போய் வருவது நல்லதுதான். பேசும்போது காலாட்டுகிறோம், ‘பேசிக்கலி’ என்று பத்துத் தடவை சொல்கிறோம் என்பதெல்லாம் வீடியோவில் பார்த்தால்தான் உறைக்கும். பத்துப் பன்னிரண்டு என்று போகும்போது சிக்கல். ஒருவர் ‘இன்னும் சிரியுங்கள்’ என்பார், அடுத்தவர் ‘ஏன் சிரிக்கிறீர்கள்’ என்பார். எல்லோர் சொல்லையும் கேட்டவர் கடைசியில் யாருடைய குரலிலோ பேசிக்கொண்டிருப்பார்.

தமிழில் பேசலாமா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழும். கோத்தாரி குழு பரிந்துரைப்படி 1979இலிருந்து மெயின்ஸை இந்திய மொழிகளில் எழுத வழி பிறந்தது. மதுரையில் பத்திரிகையாளராக இருந்த ஆர். பாலகிருஷ்ணன் தமிழில் எழுதி 1984இல் ஐ.ஏ.எஸ். ஆனார். தமிழில் எழுதியவர் நேர்காணலையும் தமிழிலேயே கொடுக்கலாம். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். ‘போது’, ‘ஆனாலும்’, ‘என்பதால்’ என்று நீட்டிக்கொண்டே போனால், ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்று தெரியாமல் மொழிபெயர்ப்பாளர் காத்திருக்க வேண்டும். முடிவை முதல் வாக்கியத்தில் சொல்லி, காரணங்களைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் அடுக்கி, இடையில் மூச்சு விட்டுப் பேசிப் பழகியவர்களுக்கு இது தடையே இல்லை. இப்படி ஒரு துணையோடு வீட்டில் பழகிப் பார்ப்பவர்கள் குறைவு.

குழு சொல்வதெல்லாம் வேதவாக்கும் இல்லை. பின்னாளில் நாட்டின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரியான அன்னா ராஜம் 1951இல் நேர்காணலுக்குப் போனபோது, பெண்ணுக்கு ஐ.ஏ.எஸ். எதற்கு, வெளியுறவுப் பணியோ மத்தியப் பணியோ எடுத்துக்கொள்ளுங்களேன் என்றது ஆர்.என். பானர்ஜி தலைமையிலான குழு. அவர் அசையவில்லை, சென்னை மாநிலத்தையே கேட்டு வாங்கினார். திருமணம் செய்துகொண்டால் வேலை போகும் என்ற நிபந்தனையோடுதான் நியமன ஆணை வந்தது. பிற்பாடு அந்த விதி மாறியது. அவர் உறுதியைச் சோதிக்கக் கேட்டார்கள் என்று இதற்கு நல்ல அர்த்தம் கற்பிப்பவர்கள் உண்டு. அது வெறும் ஓரவஞ்சனை.

இத்தகைய ஓரவஞ்சனைக்கு எவ்வளவு இடம் விடுவது என்பது நீதிமன்றம் வரை போன விவகாரம். ஹரியானா அரசுப் பணித் தேர்வில் 900 மதிப்பெண்ணில் 200 நேர்காணலுக்கு, அதாவது 22.2 சதவீதம், ஒதுக்கியிருந்தார்கள். 1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இது வேண்டியவர்களை உள்ளே இழுக்க வழி செய்யும் என்று கண்டித்து, பொதுப் பிரிவினருக்கு 12.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. அந்த அளவு யு.பி.எஸ்.சி. அன்று வைத்திருந்த 2050க்கு 250 என்ற கணக்கு. இப்போது 2025க்கு 275, அதாவது 13.6 சதவீதம். மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது.

முதலிடம் பிடித்தவர்களின் கணக்கைப் பார்த்தால் பதற்றம் கொஞ்சம் தணியும். 2014இல் இரா சிங்கால் நேர்காணலில் வாங்கியது 162. 2015இல் டினா டாபி 195. 2017இல் அனுதீப் துரிஷெட்டி 176. 275க்கு இவை மலைக்க வைக்கும் எண்கள் இல்லை. அவர்களை மேலே ஏற்றியது எழுத்துத் தேர்வு. நேர்காணல் பெரிதாக விளையாடுவது பட்டியலின் நடுவிலும் ஓரத்திலும்தான். அங்கே பத்து மதிப்பெண்ணில் ஐ.ஏ.எஸ்.ஸா ஐ.ஆர்.எஸ்.ஸா என்பது மட்டுமில்லை, பட்டியலில் பெயர் உண்டா இல்லையா என்பதே மாறிவிடும்.

2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கான நேர்காணல்கள் 2025 ஏப்ரல் 17 வரை நடந்தன. முடிவு ஏப்ரல் 22. அடுத்த பிரிலிம்ஸ் மே 25. பெயர் வராதவர்களுக்கு இடையில் கிடைத்தது ஒரே மாதம். அதனால்தான் கோட்டு தைக்கக் கொடுத்த கையோடு அடுத்த ஆண்டு விண்ணப்பத்தையும் போட்டுவிட்டு டெல்லிக்கு ரயில் ஏறுகிறவர்கள் ஏராளம்.