நாற்பதில் ஓடும் சாலையில் ஹைப்ரிட் கார்: மைலேஜும் உரிமையும்

"ஊருக்குள்ளதான் குடிக்கும், ஹைவே ஏறிட்டா நல்லா கொடுக்கும்." பெட்ரோல், டீசல் கார்களைப் பற்றிக் காலங்காலமாகக் கேட்டுப் பழகிய பேச்சு இது. ஹைப்ரிட் கார் வாங்கப் போகிறவர்களும் இதை நம்பியே ஷோரூமுக்குள் நுழைகிறார்கள். ஹைப்ரிட்டில் கதை தலைகீழ். நின்று, நகர்ந்து, மறுபடி நிற்கிற நெரிசலில்தான் அது பெட்ரோலை மிச்சம் பிடிக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடும்போது அதே அளவுள்ள சாதாரண பெட்ரோல் காரைவிடக் கொஞ்சம்தான் மேல்.

காரணம் எளிமையானது. பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகும் ஆற்றலை மின்சாரமாக மாற்றிப் பேட்டரியில் சேர்ப்பதுதான் ஹைப்ரிட்டின் பிழைப்பு. பிரேக்கே பிடிக்காத நெடுஞ்சாலையில் சேர்க்க என்ன இருக்கிறது? டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் கார்களில் உள்ள பேட்டரி சுமார் 0.76 யூனிட் மின்சாரம்தான் பிடிக்கும். முழுசாக ஒரு யூனிட்கூட இல்லை. நூறில் ஓடும் காரை அது எவ்வளவு தூரம் இழுக்கும்? மேலும், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் காற்றின் தடை ஏறும். நூறிலிருந்து எண்பதுக்கு இறங்கினால் அந்தத் தடை 36 சதவீதம் குறைகிறது. நாற்பதுக்கு இறங்கினால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இந்த நாற்பதுதான் அந்தமான்காரர்களுக்கு முக்கியமான எண். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) ரங்கத், மாயாபந்தர் வழியாக டிக்லிபூர் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தமான் டிரங்க் ரோடு, பெயரளவில் தேசிய நெடுஞ்சாலை 4. ஆனால் ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை, ஜரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டுக்குள் போகும் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரை போலீஸ் துணையோடு கான்வாயில்தான் கடக்க முடியும். உச்ச வேகம் 40. முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. மற்ற பகுதிகளிலும், நான்கு வழி அல்லாத சாலைகளில் காருக்கு மத்திய அரசின் 2018 அறிவிக்கை விதித்த மேல்வரம்பே 70தான். ஆக, "ஹைவேயில் ஹைப்ரிட் தோற்கிறது" என்ற மெயின்லேண்ட் புலம்பல் நமக்குப் பெரிதாகப் பொருந்தாது. இங்கே வேகத்தைச் சாலையே குறைத்துவிட்டது. மிச்சம் இருப்பது ஓட்டுகிறவரின் காலும், வாங்குகிறவரின் கவனமும்.

காலைப் பற்றி முதலில். வளைவுக்கு நிறைய முன்னாலேயே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக்கை மெல்ல, நீளமாகப் பிடிக்க வேண்டும். சட்டென்று அமுக்கினால் வேலை சாதாரண பிரேக்குக்குப் போய்விடும், பேட்டரிக்குக் குறைவாகவே கிடைக்கும். இறக்கத்தில் கியரை 'என்'னில் போட்டு உருட்டுவது நம் ஊர் டிரைவர்களின் பழைய கெட்ட பழக்கம். ஹைப்ரிட்டில் அது இரட்டை நஷ்டம்: நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஏறாது, வண்டியும் கட்டுப்பாட்டில் இருக்காது. நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால் இன்ஜின் தானாகச் சுழன்று உறுமும். பழுது என்று பதற வேண்டாம். சேர்க்க இடமில்லாத ஆற்றலை வண்டி அப்படித்தான் செலவழிக்கிறது. 'பி' (B) என்ற நிலை இருக்கும் கார்களில் அது செங்குத்தான இறக்கத்துக்கு மட்டும். எப்போதும் 'பி'யில் ஓட்டினால் மைலேஜ் குறையும்.

இணையத்தில் சொல்லித் தரும் வித்தைகளை, அதாவது வேகத்தை ஏற்றி இறக்கி உருட்டுவதையும் முன்னால் போகும் பஸ்ஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு காற்றுத் தடையைக் குறைப்பதையும், கான்வாயில் முயல வேண்டாம். நாற்பதில் காற்றுத் தடையே சொற்பம் என்பதால் பஸ்ஸின் முதுகை ஒட்டிப் போய்க் கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை. அது திடீரென்று நின்றால் இடிப்பது நீங்கள். காப்புக்காட்டில் விதி மீறினால் அபராதத்தோடு போகாது. ஜரவா மக்களைப் படம் எடுப்பதும் அவர்களிடம் நெருங்குவதும் 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள்.

கான்வாய் முடிந்து, பாராடாங் படகுக்காக வண்டிகள் நிற்கும் ஜெட்டியில் வேறொரு ஆபத்து. வரிசையில் காத்திருக்கும்போதும் படகில் ஏறிய பிறகும் ஹைப்ரிட் கார் சத்தமே போடாது. இன்ஜின் நின்றிருக்கும், ஆனால் 'ரெடி' விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதாவது வண்டி ஓடத் தயாராக இருக்கிறது. அணைந்துவிட்டது என்று நினைத்து டிரைவர் இறங்கிப் போக, உள்ளே இருக்கும் பிள்ளை கியரையும் ஆக்ஸிலேட்டரையும் தொட்டால் கார் நகரும். படகுத் தளத்தில் கியரைப் பார்க்கிங் (P) நிலையில் போட்டு, ஹேண்ட் பிரேக் இட்டு, பவர் பட்டனை முழுக்க அணைத்த பிறகே இறங்குங்கள்.

டயர் காற்றை வண்டி சூடாவதற்கு முன் பாருங்கள். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். பல மாடல்களில் பேட்டரிக்குக் காற்று போகும் துளை பின் இருக்கைப் பக்கம் இருக்கும். அதன்மேல் ஈரத் துண்டும் கடற்கரை மணல் ஒட்டிய பையும் குவிந்தால் பேட்டரி சூடேறும். சூடேறினால் வண்டி பேட்டரியைக் குறைவாகவே பயன்படுத்தும், பெட்ரோல் செலவு ஏறும்.

வாங்கும் முன் ஒரு கணக்கு

பெட்ரோலுக்கு வாட் வரி ஒரு சதவீதமே என்பதால் நாட்டிலேயே விலை குறைந்த பெட்ரோல் நம் தீவுகளில்தான்: அண்மை ஆண்டுகளில் லிட்டர் 82 ரூபாய் அளவில்; சென்னையில் நூறைத் தாண்டி. இந்தச் சலுகையே ஹைப்ரிட்டின் லாபத்தைத் தின்கிறது. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், லிட்டருக்குச் சாதாரணக் கார் 14 கிலோமீட்டரும் ஹைப்ரிட் 22-ம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாவது சுமார் 260 லிட்டர், ஏறக்குறைய 21,000 ரூபாய். ஹைப்ரிட்டுக்காக இரண்டரை லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அதை மீட்கப் பன்னிரண்டு வருடம். ஹைப்ரிட் பேட்டரிக்கு டொயோட்டாவும் மாருதியும் தரும் உத்தரவாதமோ 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். தினமும் ஓடும் டாக்ஸிக்கு இந்தக் கணக்கு நன்றாகவே மாறும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார்பைன்ஸ் கோவ் கடற்கரைக்குப் போய்வரும் குடும்பத்துக்கு, என்னைக் கேட்டால், ஹைப்ரிட் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்: உயர் மின்னழுத்தப் பகுதியைத் தொடப் பயிற்சி பெற்ற மெக்கானிக் தீவில் எங்கே இருக்கிறார், பாகம் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ வர எத்தனை நாள்? ஆரஞ்சு நிறக் கேபிள்களில் தெரு மெக்கானிக் கைவைப்பது உயிருக்கே ஆபத்து. டிக்லிபூர்க்காரருக்கு ஷோரூமின் இனிய பேச்சைவிட இந்தப் பதில்தான் தேவை.

சொன்ன மைலேஜ் கிடைக்காவிட்டால்

கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டுக்கு விளம்பரத்தில் வரும் 27.97 போன்ற எண்கள் பொய்யில்லை. ஆனால் அவை ஆய்வகத்தில் உருளைகள்மேல், வேகம் 90-ஐத் தாண்டாத ஒரு சோதனையில் கிடைத்தவை. சாலையில் அதைவிடக் குறைவது இயல்பு. கொஞ்சம் குறைந்தால் வழக்கு நிற்காது. பாதியாகக் குறைந்தால் நிற்கும், நின்றும் இருக்கிறது.

கேரளத்தில் ஒருவர் 2014-இல் ஃபோர்டு கிளாசிக் டீசல் கார் வாங்கினார். விளம்பரம் சொன்னது லிட்டருக்கு 32 கிலோமீட்டர். நிபுணர் ஓட்டிப் பார்த்தபோது கிடைத்தது 19.6. திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022-இல் நஷ்டத்துக்கு ஒன்றரை லட்சம், மன உளைச்சலுக்கு ஒன்றரை லட்சம், செலவுக்குப் பத்தாயிரம் கொடுக்க உத்தரவிட்டது. இன்னொரு வழக்கில், 16 முதல் 18 கொடுக்கும் என்ற விளம்பரத்தை நம்பி 2004-இல் வாங்கிய கார் பத்து சொச்சம்தான் கொடுத்தது. வாங்கியவருக்கு ஒரு லட்சம் தரும்படி மாருதிக்கு இட்ட உத்தரவை தேசிய ஆணையம் 2024 ஜனவரியில் உறுதி செய்தது. இருபது வருடம் இழுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டிலும் பிடிமானம் விளம்பரத் தாள்தான். ஆகவே விளம்பரத்தையும் விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாக்குறுதியையும் அழிக்காதீர்கள். டாஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பி வழக்குப் போட முடியாது. ஒரே பங்கில், தானாக நிற்கும்வரை டேங்க் நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, அடுத்த முறையும் அப்படியே நிரப்பி, ரசீதுகளோடு சில மாதம் பதிவு வையுங்கள். பங்கின் அளவிலேயே சந்தேகமா? ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அது எடை அளவுத் துறைக்குப் போக வேண்டிய புகார்.

எத்தனாலையும் கணக்கில் வையுங்கள். கலப்புத் திட்டத்தை 2019 ஏப்ரலில் நாடு முழுக்க விரித்தபோது அந்தமானையும் லட்சத்தீவையும் மட்டும் விட்டுவைத்தார்கள். மெயின்லேண்டில் 20 சதவீதக் கலப்போடு ஓட்டிய மைலேஜையும் இங்கே ஓட்டியதையும் நேராக ஒப்பிடக் கூடாது. நிரப்பும் பங்கில் என்ன கலப்பு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் டீலருக்கும் நிறுவனத்துக்கும் எழுத்துப் புகார். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். சென்னையில் வாங்கிய காருக்காகச் சென்னைக்குக் கப்பலேற வேண்டாம். ஈ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம், காணொளி விசாரணையும் கேட்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்குக் கட்டணம் 400 ரூபாய், அதற்கு மேல் 50 லட்சம் வரை 1,000. சிக்கல் தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சொந்தப் பிழைப்புக்காகத் தானே டாக்ஸி ஓட்டுகிறவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். "வணிக வண்டி" என்று டீலர் தட்டிக்கழித்தால் மடங்கிவிட வேண்டாம்.

கடைசியாக, பலரும் படிக்காத ஒரு வரி. மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசியில் வண்டி சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் வழியாகப் போகும்போது ஏற்படும் சேதம் அடங்கும் என்று இருக்கும். கடல் அந்தப் பட்டியலில் இல்லை. சென்னையிலிருந்து கப்பலில் கார் வருவதற்குத் தனியாக மரைன் பாலிசி எடுங்கள். பாராடாங் படகுக்கு உங்கள் பாலிசி செல்லுமா என்று நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். உப்புநீர் புகுந்த ஹைப்ரிட் பேட்டரியின் செலவு மைலேஜில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். இன்சூரன்ஸ் நிறுவனம் மறுத்தால் ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அந்தமானுக்கு உரிய அலுவலகம் கொல்கத்தாவில் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.