ஒரு மரக்கால் நெல் என்றால் எவ்வளவு?

களத்துமேட்டில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணுவதில்லை. ‘லாபம்’ என்று சொல்லித்தான் தொடங்குவார். அந்த லாபம் விற்பவருக்கா, வாங்குபவருக்கா என்பதை மரக்காலின் வாயகலமே பெரும்பாலும் தீர்மானித்தது.

வாய்பாட்டில் குழப்பமில்லை. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, அதாவது படி. 8 நாழி ஒரு குறுணி; அதுவே மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். ஆனால் இவையெல்லாம் விகிதங்கள்தாம். நாழியே ஊருக்கு ஊர் வேறுபட்டால் கலமும் வேறுபடும். சின்னப் படி, பெரிய படி என்று பிரித்துச் சொல்ல வேண்டி வந்தது அதனால்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசராசன் காலக் கல்வெட்டுகளும் நெல்லின் அளவோடு நிற்காமல், ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்தது என்று கருவியின் பெயரையும் பொறித்திருக்கின்றன.

ஒரே கொள்ளளவுள்ள இரண்டு மரக்கால்கள்கூட எப்போதும் ஒரே அளவு நெல்லைத் தருவதில்லை. தலைதட்டி அளந்தால் வித்தியாசமில்லை. குவித்து அளந்தால்தான் சிக்கல். நெல் தன் இயல்பான சரிவில் கூம்பாகக் குவியும். அந்தக் கூம்பின் கன அளவு வாய் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். ஒன்றின் வாய் 20 செ.மீ., மற்றதன் வாய் 24 செ.மீ. என்றால், இரண்டாவதன் குவியல் சுமார் 70 சதவீதம் அதிகம். இதோடு, உயரத்திலிருந்து கொட்டினாலும் குலுக்கினாலும் நெல் நெருங்கி அமர்ந்து இன்னும் கொஞ்சம் பிடிக்கும். எண்ணெய்க்கோ குவியலே கிடையாது.

நிறுத்தலிலும் இதே கதை. சென்னையில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. அது ஏறக்குறைய 11 கிலோ. வங்காளத்தில் மணங்கு 37 கிலோவைத் தாண்டியது.

1956-இல் வந்த எடை, அளவுச் சட்டம் நாடு முழுவதையும் மெட்ரிக் முறைக்குக் கொண்டுவந்தது.  ஆனால் அதற்கு முந்தைய பத்திரத்தில் ‘பத்துக் கலம் நெல்’ என்று படித்தால் உடனே கிலோவுக்கு மாற்றிவிடாதீர்கள். எந்த ஊர் மரக்கால், குவித்ததா தலைதட்டியதா என்று கேளுங்கள். அதற்குப் பிறகுதான் கணக்கு.